அக்கரையில் விடுதலை, இக்கரையில் விலங்கு!

தோழா!

பாபநாசத்தில் மலையை விட்டிறங்கும் பொருநை, அம்பாசமுத்திரம், சேரன்மாதேவி, நெல்லை, ஸ்ரீவைகுண்டம் என்று ஊர் ஊராக நடந்து, புன்னைக்காயலில் கடலோடு கலக்கிறது. அவ்வளவு தொலைவிலும் அந்த ஆற்றின் வலக்கரையில் பகல், இடக்கரையில் இரவு என்று எவரும் கண்டதுண்டா? இல்லை. இரு கரைக்கும் ஒரே ஞாயிறு, ஒரே திங்கள். ஆனால் ஆறு சென்று சேரும் அந்தக் கடலுக்கும் இரு கரை உண்டு. அங்கேதான் விந்தை! அக்கரையில் ஒரு பெண் மணவிலக்குப் பெற்றவள். எவனுக்கும் கட்டுப்பட்டவள் அல்லள். விமானம் ஏறி வந்து இக்கரையில் கால் வைத்தால், அதே பெண் மீண்டும் ‘இன்னார் மனைவி’. பெயர் மாறவில்லை, முகம் மாறவில்லை. நிலை மட்டும் தலைகீழாக மாறிவிட்டது!

கதையென்று எண்ணிவிடாதே, தோழா! சட்டம் செய்யும் வேலை இது. சரியாகச் சொன்னால், செய்யப்படவேண்டிய சட்டம் ஒன்று செய்யப்படாததால் விளையும் வேலை இது.

‘நமக்கும் இதற்கும் என்ன தொடர்பு? நாலு எழுத்துப் படித்து அயல்நாடு போனவர்கள் வீட்டுச் சிக்கல்தானே!’ என்று நீ கேட்கலாம். கொற்கைத் துறையில் முத்தை ஏற்றி அனுப்பிய மண்ணப்பா நம் மண்! முத்துக்குப் பிறகு மக்களே கலம் ஏறினர். இலங்கைத் தோட்டங்களுக்குச் சென்றனர், பர்மாவுக்குச் சென்றனர், மலேயாவுக்குச் சென்றனர். கடையநல்லூரிலிருந்து சிங்கப்பூர் சென்றோர் அங்கே ஒரு சமுதாயமாகவே வேரூன்றினர். இன்று பாளையங்கோட்டையில் படித்த மருத்துவரும் செவிலியரும் பொறியாளரும் இலண்டனுக்கும் டெக்சாசுக்கும் துபாய்க்கும் போகின்றனர். எந்தத் தெருவை வேண்டுமானாலும் எடுத்துக்கொள். கடல் கடந்த பிள்ளை இல்லாத தெரு உண்டா? ஆனித் தேரோட்டத்தை ஒட்டி மூன்று வார விடுப்பில் வருகிறான் மாப்பிள்ளை. முதல் வாரம் பெண் பார்க்கிறான். இரண்டாம் வாரம் மாலை மாற்றுகிறான். மூன்றாம் வாரம் விமானம் ஏறுகிறான். கன்று விற்கும்போதுகூட நான்கு பேரிடம் விசாரிக்கும் நம் ஊரார், கடல் கடந்த மாப்பிள்ளை என்றதும் வாய் திறப்பதில்லை! ஆகவே இது ஏதோ சிலர் வீட்டுச் சிக்கல் அல்ல. நம் வீட்டு வாசலில் நிற்கும் சிக்கல்.

●

இரண்டு பெண்களை உன் கண்முன் நிறுத்துகிறேன்.

முதற் பெண் கைவிடப்பட்டவள். கணவன் அயல்நாட்டில். அவள் இங்கே, பெற்றோர் வீட்டில். ஒருநாள் அஞ்சலில் ஓர் உறை வருகிறது. பிரித்தால், அந்நாட்டு மன்றம் ஒன்று அவளை ‘மணவிலக்குச்’ செய்துவிட்டதாகத் தாள் சொல்கிறது. அவள் அந்த மன்றத்தைக் கண்டதில்லை. அதன் படியேறப் பணம் இல்லை, நுழைவுரிமை இல்லை, வாதாட ஆளில்லை. ‘நீ என்ன சொல்கிறாய், அம்மா?’ என்று ஒருவரும் கேட்கவில்லை.

இப்படிப்பட்ட பெண் ஒருத்தியின் வழக்குத்தான் ‘சத்யா எதிர் தேஜா சிங்’ என்று சட்ட நூல்களில் நிலைத்துவிட்டது. 1955-ல் ஜலந்தரில் திருமணம், இரு குழந்தைகள். 1959-ல் கணவர் அமெரிக்கா சென்றார். யூட்டா மாநிலத்தில் படித்தார். 1964 டிசம்பரில் நெவாடா மாநில மன்றத்தில் மணவிலக்குப் பெற்றார். ஏன் நெவாடா? ஆறு வாரம் தங்கினால் அங்கே வழக்குப் போடலாம்! ஆண்டுகள் பல நீடித்த வாழ்வை முறிக்க ஆறு வாரம் போதுமாம்! மனைவி ஜலந்தரில் பிழைப்பூதியம் கேட்டார். குற்றவியல் நடுவர் கொடுத்தார். உயர் நீதிமன்றம் பறித்தது. கணவன் எங்கே குடியோ அங்கேதான் மனைவியும் குடி என்ற பழைய கோட்பாடு குறுக்கே நின்றது. இறுதியில், 1974 அக்டோபரில், உச்ச நீதிமன்றம் அந்த நெவாடாத் தீர்ப்பின் முகமூடியைக் கிழித்தது. அங்கே நிலையாகக் குடியிருக்கும் எண்ணமே இல்லாமல், குடியிருப்பதாகச் சொல்லி மன்றத்தை ஏமாற்றிப் பெற்ற தீர்ப்பு இது. ஆகவே இந்தியாவில் செல்லாது என்றது.

அடுத்தது, 1991 ஜூலையில் தீர்ப்பான நரசிம்ம ராவ் வழக்கு. 1975-ல் திருப்பதியில் நடந்த திருமணம். மிசௌரி மாநிலத்தில் தொண்ணூறு நாள் தங்கியதைக் காட்டி, மனைவி நேரில் இல்லாத நிலையில் கணவர் மணவிலக்குப் பெற்றார். 1981-ல் யாதகிரிகுட்டாவில் வேறொரு பெண்ணை மணந்தார். முதல் மனைவி இருதார மணக் குற்றம் சாட்டினார். உச்ச நீதிமன்றம் மிசௌரித் தீர்ப்பை ஏற்க மறுத்தது. எந்தச் சட்டத்தின்படி மணம் நடந்ததோ, அந்தச் சட்டம் ஒப்பும் மன்றமே, அந்தச் சட்டம் ஒப்பும் காரணத்துக்காகவே மணத்தை முறிக்கலாம் என்று விதி வகுத்தது. மூன்று விலக்குகளையும் சொன்னது. எதிர்த்தரப்பார் நிலையாக வாழும் இடத்திலேயே வழக்குப் போட்டு, நம் சட்டம் ஏற்கும் காரணத்தின் மேல் தீர்ப்புப் பெற்றால் செல்லும். எதிர்த்தரப்பார் தாமே விரும்பி அந்த மன்றத்துக்கு உட்பட்டு, அத்தகைய காரணத்தின் மேல் வாதாடியிருந்தால் செல்லும். எதிர்த்தரப்பார் மணவிலக்குக்கு ஒப்புதல் தந்திருந்தால் செல்லும்.

இதற்கெல்லாம் அடிப்படை எது? 1908-ஆம் ஆண்டு உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 13-ஆம் பிரிவு. அயல்நாட்டுத் தீர்ப்பு எப்போது செல்லாது என்பதற்கு அது ஆறு காரணங்களைக் கூறுகிறது. அதிகாரமற்ற மன்றம், தகுதியை ஆராயாத முடிவு, நம் நாட்டுச் சட்டத்தை மதிக்காத போக்கு, இயற்கை நீதிக்கு மாறான நடைமுறை, மோசடி, நம் சட்டத்தை மீறிய கோரிக்கை: இவை ஆறு. இந்த வாயில் எல்லோருக்கும் பொது. நெல்லையப்பர் தெருவாருக்கும் மேலப்பாளையத்தாருக்கும் பாளையங்கோட்டைத் திருச்சபையாருக்கும் மணச் சட்டம் வேறு வேறாக இருக்கலாம். அயல்நாட்டுத் தீர்ப்பு நுழையவேண்டிய வாயில் இந்த ஒன்றுதான்.

இயற்கை நீதி என்றால் என்ன? தமிழனுக்கு அதைப் பாடமாக நடத்தவேண்டுமா? ஒரு தரப்பை மட்டும் கேட்டுக் கோவலனைக் கொல்வித்தான் பாண்டியன். மறுதரப்பு சிலம்போடு அவையேறியபோது, செங்கோல் வளைந்தது கண்டு உயிர் நீத்தான். அவனுக்குப் பின் ஆட்சிக்கு வந்தவன் கொற்கையில் இருந்த வெற்றிவேற் செழியன் என்று சிலம்பு கூறுகிறது. பொருநை கடலோடு கலக்கும் பகுதியிலிருந்து புறப்பட்டவன் அவன்! மறுதரப்பைக் கேளாத தீர்ப்பு தீர்ப்பாகாது என்பதை இந்த ஆற்றங்கரை அன்றே அறியும். ஆகவே முதற் பெண்ணுக்கு உச்ச நீதிமன்றம் அளித்த காவலை நாம் இரு கையேந்தி வரவேற்கிறோம்.

●

ஆனால் தோழா, இரண்டாவது பெண் ஒருத்தி நிற்கிறாளே, அவளைப் பார்!

அம்பாசமுத்திரத்துப் பெண் என்று வைத்துக்கொள். இலண்டனில் செவிலி. ஊரில் மாலை மாற்றி, கணவனோடு அங்கே சென்று, ஆறாண்டு வாழ்ந்தாள். வாழ்ந்தாள் என்றா சொன்னேன்? அடிபட்டாள். பொறுத்துப் பொறுத்துப் பார்த்து, அந்நாட்டு மன்றத்தின் கதவைத் தட்டினாள். இங்கிலாந்தில் 2022 ஏப்ரல் 6 முதல் நடப்பிலிருக்கும் சட்டப்படி, ‘எங்கள் மணவாழ்வு மீட்க முடியாதவாறு முறிந்துவிட்டது’ என்று எழுதித் தந்தால் போதும். யார் குற்றம் என்று மெய்ப்பிக்கவேண்டியதில்லை. கணவனுக்கு முறையாக அறிவிப்புப் போயிற்று. அவன் வாங்கினான்; மறுமொழி தரவில்லை. மன்றம் காத்திருந்தது; பின் மணவிலக்களித்தது. அவளிடம் மோசடி இல்லை. ஆறு வாரக் குடியிருப்பும் இல்லை. இரு தரப்பும் வாழ்ந்த ஊரிலேயே, இரு தரப்புக்கும் வாய்ப்பளித்து வந்த தீர்ப்பு அது.

இந்தத் தீர்ப்போடு அவள் அம்பாசமுத்திரம் வருகிறாள். செல்லுமா?

கணவன் ஒப்புதல் தரவில்லை; வாதாடவுமில்லை. ‘மீட்க முடியாத முறிவு’ என்பது 1955-ஆம் ஆண்டு இந்து திருமணச் சட்டத்தில் ஒரு காரணமாக எழுதப்படவும் இல்லை. மூன்று விலக்குகளில் ஒன்றும் அவளுக்குத் துணை வரவில்லை. முதற் பெண்ணைக் காக்கக் கட்டிய அதே மதில், இரண்டாம் பெண்ணைச் சிறைவைக்கிறது! அவள் இங்கே மறுமணம் செய்தால், பழைய கணவன் வழக்குத் தொடுக்கலாம். முன்பு இந்திய தண்டனைச் சட்டத்தின் 494-ஆம் பிரிவு. 2024 ஜூலை முதல் பாரதிய நியாய சன்ஹிதாவின் 82-ஆம் பிரிவு. ஏழாண்டு வரை சிறை! ‘ஒப்புதல்தானே வேண்டும்? என்ன தருவாய்?’ என்று பேரம் பேச அவனுக்கு ஓர் ஆயுதம். கடல் கடந்து ஓடினாலும் கயிறு அவன் கையில்!

அதுமட்டுமா? அவள் உழைத்துச் சேர்த்த பணத்தில் பாளையங்கோட்டையில் ஒரு வீடு வாங்கியிருக்கிறாள். பெற்றோரை அதில் குடிவைத்திருக்கிறாள். குழந்தை இல்லை, உயில் எழுதவில்லை. நாளை அவள் மறைந்தால் அந்த வீடு யாருக்கு? 1956-ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 15-ஆம் பிரிவைப் படித்துப்பார். ஒரு பெண் தானே தேடிய சொத்துக்கு முதல் வரிசையில் மகனும் மகளும் கணவனும். இரண்டாம் வரிசையில் கணவனின் வாரிசுகள். மூன்றாம் வரிசையில்தான் தாய் தந்தையர்! மணவிலக்கை நாம் ஏற்கவில்லையென்றால், அடித்துத் துரத்தியவன் ‘கணவன்’ என்று முதல் வரிசையில் வந்து அமர்வான். பெற்று வளர்த்தவர்கள் திண்ணையை விட்டு இறங்கவேண்டும். என்னே கொடுமை!

‘முறிந்த மணம் என்பது நம் பண்பாட்டுக்கு ஒவ்வாத காரணம்’ என்பார் சிலர். அப்படியா? 2023 மே மாதத்தில் உச்ச நீதிமன்றத்தின் அரசமைப்பு அமர்வு என்ன சொல்லிற்று? மீட்க முடியாதவாறு முறிந்த மணத்தை, அரசமைப்புச் சட்டத்தின் 142-ஆம் பிரிவு தரும் சிறப்பதிகாரத்தால் தானே கலைக்கலாம் என்று சொல்லிற்று. தில்லிக்கு வழக்கை எடுத்துச்செல்ல வசதியுள்ளவருக்கு அந்தக் காரணம் ஏற்புடையது. பாளையங்கோட்டை நீதிமன்றத்தின் படியேறுகிறவருக்கு ஏற்புடையதல்ல! பண்பாடு என்ன, நீதிமன்றக் கட்டணம் பார்த்தா மாறும்?

கிறித்தவத் தோழர்களுக்கும் ஒரு சொல். 1869-ஆம் ஆண்டு மணவிலக்குச் சட்டம் 2001 வரை உங்கள் பெண்களை எப்படி நடத்திற்று? கணவன் பிறன்மனை விழைந்தான் என்று மெய்ப்பித்தால் மட்டும் போதாது. கூடவே கொடுமையையோ கைவிடலையோ மெய்ப்பிக்கவேண்டும். கணவனுக்கோ மனைவியின் பிறழ்வு ஒன்றே போதும்! மாவட்ட மன்றம் மணவிலக்களித்தாலும் உயர் நீதிமன்றம் உறுதிசெய்ய வேண்டும். நூற்று முப்பத்திரண்டு ஆண்டுகள் அசையாதிருந்த அந்தப் பாறை 2001-ல் நகர்ந்தது. சட்டம் கல்லில் செதுக்கியதல்ல என்பதற்கு அதுவே சான்று.

●

இனி, கடன்பட்டவர் யாரென்று பார்ப்போம்.

1974-ல், சத்யா வழக்கிலேயே, இங்கிலாந்து 1971-ல் அயல்நாட்டு மணவிலக்கை ஏற்பதற்கெனத் தனிச் சட்டம் செய்ததைச் சுட்டிக்காட்டி, நம் நாட்டிலும் தீர்வு காணவேண்டும் என்றது உச்ச நீதிமன்றம். 1976-ல் சட்ட ஆணையம் தன் 65-ஆம் அறிக்கையை இதே பொருளுக்கென்று எழுதிற்று. 1991-ல் நீதிமன்றமே விதிகளை வகுக்க நேர்ந்தது. 1994-ல் நீரஜா சராப் வழக்கில், அயல்வாழ் இந்தியரை மணந்த பெண்களைக் காக்கச் சட்டம் வேண்டும் என்று மீண்டும் சொல்லிற்று. 2009-ல் சட்ட ஆணையத்தின் 219-ஆம் அறிக்கை. 2019 பிப்ரவரியில் மாநிலங்களவையில் ஒரு முன்வரைவு. அது அயல்வாழ் இந்தியர் திருமணத்தை முப்பது நாளுக்குள் பதியவேண்டும் என்றது. மணவிலக்கை ஏற்பது பற்றி வாய் திறக்கவில்லை. 2024 பிப்ரவரியில் 287-ஆம் அறிக்கை. மணம், மணவிலக்கு, பிழைப்பூதியம், குழந்தை அனைத்தையும் தழுவிய மையச் சட்டம் வேண்டும் என்றது. அறிக்கை மேல் அறிக்கை! மணவிலக்குகளை நாடுகள் ஒன்றுக்கொன்று ஏற்றுக்கொள்ள 1970-ல் ஹேக் நகரில் உருவான உடன்படிக்கையிலும் இந்தியா சேரவில்லை. 1974-ல் பிறந்த பெண்குழந்தை இன்று பேத்தி கண்டிருப்பாள். சட்டம் மட்டும் பிறக்கவில்லை!

‘ஏற்றுக்கொள்ளச் சட்டம் செய்தால், ஆறு வாரத் தீர்ப்புகள் வெள்ளமாய் வந்து புகாவா?’ என்று அஞ்சுவோர் உண்டு. நியாயமான அச்சம். அணை கட்டுவது ஆற்றைத் தடுக்கவா? வெள்ளத்தைத் தடுத்து, வயலுக்கு நீர் விடவே மடை வைக்கிறோம். நாம் கேட்கும் சட்டத்துக்கும் மூன்று மடை போதும்.

ஒன்று: எதிர்த்தரப்புக்கு உண்மையாகவே அறிவிப்புச் சேர்ந்ததா, வாதாட உண்மையான வாய்ப்பு இருந்ததா? வழியில்லாத பெண்ணுக்கு வழக்குச் செலவைக் கணவன் கொடுத்தானா? இல்லையென்றால் அந்தத் தீர்ப்பு வாசலோடு நிற்கட்டும்.

இரண்டு: அந்த நாட்டோடு அவர்களுக்கு உண்மையான வாழ்வுத் தொடர்பு இருந்ததா? குறைந்தது ஓராண்டேனும் அங்கே வாழாதவர் கொண்டுவரும் தாள் வெறும் தாளாகட்டும்.

மூன்று: பிழைப்பூதியம், குழந்தை, சீர்ப்பொருள் ஆகியவற்றுக்கு வழி செய்யப்பட்டதா? இம்மூன்றும் சரியென்றால், காரணத்தின் பெயர் நம் சட்டத்தில் இல்லை என்பதற்காக மட்டும், அல்லது ஒருவன் வேண்டுமென்றே வாய்மூடி இருந்தான் என்பதற்காக மட்டும், அந்த மணவிலக்கைத் தள்ளாதே!

இவ்வளவுதான். முதற் பெண்ணின் காவல் அப்படியே நிற்கும். இரண்டாம் பெண்ணின் விலங்கு அறும்.

தில்லி செய்யட்டும் என்று கைகட்டி நிற்கவேண்டுமா? மணமும் மணவிலக்கும் அரசமைப்புச் சட்டத்தின் பொதுப்பட்டியலில் இருக்கின்றன. 1929-ல் செங்கற்பட்டு மாநாட்டில் பெண்ணுக்குச் சொத்துரிமை கேட்டபோது சிரித்தவர்கள் எத்தனை பேர்! ஆயினும் தில்லி 1955-ல் மணவிலக்கு உரிமை தரும் முன்பே, 1949-ல் இருதார மணத்தைத் தடுத்து மணவிலக்குக்கு வழிதந்து சட்டம் செய்தது சென்னை மாகாணம். புரோகிதர் இல்லாத சீர்திருத்த மணத்துக்கு 1967-ல் சட்ட ஏற்பு அளித்தது அண்ணா தலைமையிலான அரசு. பெண்ணுக்குக் குடும்பச் சொத்தில் சம உரிமையை 1989-ல் தமிழகம் தந்தது. இந்திய நாடு முழுமைக்கும் அது வர 2005 ஆயிற்று. வழிகாட்டிய மண் மீண்டும் வழிகாட்டட்டும்! சட்டமன்றம் தீர்மானம் இயற்றட்டும்; முன்வரைவு தீட்டட்டும்; நாடாளுமன்றத்தில் நம் உறுப்பினர்கள் எழுந்து கேட்கட்டும்.

●

அதுவரை நீ என்ன செய்யவேண்டும், தோழா? படிப்பகத்துக்கு வருவோரிடம், தேநீர்க் கடையில் பேசுவோரிடம் இவற்றை எடுத்துச் சொல்.

மணம் முடிந்ததும் பதிவு செய்யச் சொல். 2009-ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுச் சட்டப்படி அது கட்டாயம். அயல்நாட்டு மன்றத்திலிருந்து அறிவிப்பு வந்தால் பரணில் போடாதே, அடுப்பில் போடாதே என்று சொல். படித்துப் புரிந்துகொள்ளாத எந்தத் தாளிலும் ‘ஒப்புதல்’ என்று கையெழுத்திடாதே என்று சொல். உடனே வழக்கறிஞரைப் பார்க்கச் சொல். 1987-ஆம் ஆண்டுச் சட்டப்பணிகள் ஆணையச் சட்டப்படி, வருமானம் எவ்வளவாயினும் பெண்ணுக்கு இலவசச் சட்ட உதவி உண்டு. மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவின் கதவைத் தட்டச் சொல்.

அயல்நாட்டில் மணவிலக்குப் பெற்றவர் என்றால், ஒளிநகலை நம்பாதே. மன்றம் சான்றிட்ட நகலைப் பெற்று, அந்நாட்டு அரசின் அப்போஸ்டில் முத்திரையோடு கொண்டுவரச் சொல். நரசிம்ம ராவ் வழக்கிலேயே ஒளிநகல் உதவாது போயிற்று. இருவரும் ஒப்பிய மணவிலக்கென்றால், அந்த ஒப்புதல் தீர்ப்பிலேயே பதிவாகியிருக்கிறதா என்று பார்க்கச் சொல். ஐயம் இருந்தால், 1984-ஆம் ஆண்டுக் குடும்ப நீதிமன்றச் சட்டப்படி, தன் மணநிலையை அறிவிக்குமாறு இங்கேயே வழக்குத் தொடுக்கலாம். மறுமணத்துக்கு முன் அதைச் செய்வதே அறிவுடைமை. உழைத்து வாங்கிய வீட்டுக்கு ஓர் உயில் எழுதி வைக்கச் சொல். ஒரு தாளில் எழுதும் நாலு வரி, பெற்றோரைத் தெருவில் நிற்காமல் காக்கும்.

இவற்றுக்கெல்லாம் மேலாக இன்னொன்று. மணவிலக்குப் பெற்று ஊர் திரும்பும் பெண்ணைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தாதே. ‘வாழாவெட்டி’ என்னும் கொடுஞ்சொல் உன் தெருவில் ஒலித்தால், ‘நிறுத்து!’ என்று சொல்லும் முதல் குரல் உன்னுடையதாகட்டும். சட்டம் தில்லியில் பிறக்கவேண்டும். அந்தச் சொல்லைச் சாகடிக்க உன் தெருவே போதும்.

பொருநையின் இரு கரைக்கும் ஒரே ஞாயிறு. கடலின் இரு கரைக்கும் ஒரே நீதி வரட்டும். அந்த நாள்வரை ஓயாது கேட்போம், தோழா!